திண்ணைக் கிழவரும் தொழுவத்துத் தூசும்

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒரு பாட்டியம்மாள் எழுதியது தனியாக நின்றது. ஆறு வயதான தம் பேரனுக்கு மழைக்காலம் பிறந்தாலே இழுப்பு வந்துவிடுகிறதென்றும், மாட்டுத் தொழுவத்துத் தூசைச் சுவாசித்து வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவே வராதென்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டதாக ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவித் தம்மிடம் வந்து சேர்ந்ததென்றும், ஆகவே பேரனைக் கிராமத்தில் தம் தமையனார் வீட்டுத் தொழுவத்தருகே ஒரு மாதம் படுக்க வைத்துவிட்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தார். அந்தச் செய்தியில் பாதி மெய். கைப்பேசி வழியே வரும் விஞ்ஞானத்தில் பாதி மெய்யாக இருப்பதே அபூர்வம் என்பதால், அந்தப் பாதியைக் கொஞ்சம் சாவகாசமாகப் பார்க்கலாம்.

பாட்டியம்மாள் எழுதிய 'இழுப்பு' என்ற சொல்லிலேயே ஆராய்ச்சியாளரின் முதல் தொல்லை ஒளிந்திருக்கிறது. ஒரு தாய் அதனால் மூச்சிரைப்பைக் குறிப்பாள். அடுத்த வீட்டுத் தாய் கைகால் வெட்டுகிற வலிப்பைக் குறிப்பாள். மூன்றாமவள் 'வீசிங்' என்பாள். அவள் மாமியார் 'இளைப்பு' என்பார். சர்க்கரையை அளப்பதுபோல ஒரு சொட்டு ரத்தத்தில் ஆஸ்துமாவை அளந்துவிட இயலாது; ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டுமானால் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்; கேட்பதற்கோ எல்லாப் பாஷைகளிலும் ஒன்றுபோலப் பொருள்படும் சொல் கிடையாது. 1991இல் தொடங்கிய 'ஐசாக்' என்னும் சர்வதேச ஆய்வு, 56 நாடுகளில் 155 இடங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் 4,63,801 பேரை விசாரித்தபோது, எழுத்து வினாக்கள் போதாவென்று கண்டு, பல இடங்களில் ஒரு சிறு வீடியோப் படத்தையும் ஓடவிட்டு, அதிலே மூச்சு வாங்குகிறவரைக் காட்டி, உனக்கு எப்போதாவது இப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டது. சொல் தோற்ற இடத்தில் காட்சியை வைத்த இந்தச் சாதுரியம், அந்த மாபெரும் கணக்கெடுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 1998இல் முடிவுகள் வெளியானபோது ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் இருபது மடங்கு வித்தியாசம் இருந்தது: பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகியவை உச்சியிலும், இந்தோனேசியா, கிரீஸ், இந்தியா, எதியோப்பியா போன்றவை அடியிலும் நின்றன. இத்தனை ஏற்றத்தாழ்வைப் பரம்பரையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

சூழலைச் சந்தேகிக்கும் இந்த எண்ணத்தின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லாமல் விட்டால் பத்திரிகாசிரியர் கோபித்துக்கொள்வார் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் டேவிட் ஸ்ட்ராகன் என்பவர், 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் கணக்கைப் புரட்டி, அண்ணன் அக்காள்மார் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மகரந்தத்தால் வரும் தும்மல் நோய் குறைவென்று கண்டார். சிறு வயதில் உடன்பிறந்தாரிடமிருந்து தொற்றும் நோய்கள் காப்பாகின்றனவோ என்று அவர் தயங்கித் தயங்கி ஊகித்ததைப் பத்திரிகைகள் 'அழுக்கு நல்லது' என்று தயங்காமல் மொழிபெயர்த்துக்கொண்டன. பிறகு பெர்லின் சுவர் விழுந்ததும், எரிகா ஃபான் மூட்டியஸ் என்ற ஜெர்மானியப் பெண் மருத்துவர், நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக், ஹாலே நகரங்களின் பிள்ளைகளை மேற்கிலுள்ள மியூனிக் நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். புகையுள்ள இடத்தில் மார்புச் சளி நோய் மிகுந்திருந்தது, எதிர்பார்த்ததுதான். ஒவ்வாமையோ அங்கே பாதியளவே இருந்தது, இதை எவரும் எதிர்பார்க்கவில்லை. சரித்திரம் போதும்.

பாட்டியம்மாளுக்கு வந்த செய்தியின் மூலம் 2016இல் வெளியான ஓர் ஆய்வு. இண்டியானாவில் வாழும் ஆமிஷ் மக்களும் தெற்கு டகோட்டாவில் வாழும் ஹட்டரைட் மக்களும், பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றிய ஒரே சமயக் கிளர்ச்சியின் வழிவந்தவர்கள். ரத்த சம்பந்தத்தில் நெருங்கியவர்கள். பெரிய குடும்பம், தாய்ப்பால், காய்ச்சாத பசும்பால், தொலைக்காட்சியைத் தள்ளிவைத்த வாழ்க்கை என்று நடை உடை பாவனைகளிலும் ஒத்தவர்கள். ஆயினும் ஆமிஷ் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஆஸ்துமா என்றால், ஹட்டரைட் பிள்ளைகளில் இருபத்தொருவருக்கு. வேற்றுமை தொழுவத்தில் இருந்தது. ஆமிஷ் குடும்பத்துக்கு வீட்டருகிலேயே தன் சொந்த மாடும் உழவுக் குதிரையும். ஹட்டரைட்டுகளுக்கோ ஊருக்கே பொதுவான, யந்திரங்கள் ஓடுகிற பெரும் பண்ணை, குழந்தைகள் விளையாடும் இடத்துக்குத் தொலைவில். இரு சாரார் வீட்டுத் தூசையும் அள்ளி அளந்தபோது, பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற துணுக்கு ஆமிஷ் வீடுகளில் ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது. அந்தத் தூசின் சாறை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசு பெற்ற எலிகள் ஆஸ்துமாவுக்குத் தப்பின, ஹட்டரைட் தூசு பெற்றவை தப்பவில்லை.

தூசு எப்படிக் காக்கிறது? இங்கேதான் நான் வாசகரைச் சற்று நிறுத்தி வைக்கப் போகிறேன். ஏனென்றால் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பார்ட் லாம்ப்ரெஹ்ட், ஹமிதா ஹம்மாத் ஆகியோரின் குழு 2015இல் வெளியிட்ட விடை அத்தனை அழகானது. நம்மில் பலர் எண்ணுவதுபோல ஒவ்வாமை ரத்தத்தில் தொடங்குவதில்லை. மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றை வரிசைச் செல்களில் தொடங்குகிறது. தூசுப்பூச்சியின் எச்சம் அந்தச் செல்லின்மீது படிந்தால், செல்லுக்குள்ளே யூபிக்விட்டின் என்னும் சின்னஞ்சிறு புரதம் சரம் சரமாகத் தொடுக்கப்பட்டு, செய்தி கடத்தும் புரதங்களின் கழுத்தில் மாலையாக விழுகிறது. மாலை விழுந்த உற்சாகத்தில் அவை செல்லின் உட்கருவரை கூச்சலிட, செல் ரசாயனத் தூதுகளை வெளியே அனுப்பி நோயெதிர்ப்புப் படையைக் கூவி அழைக்கிறது. இந்தக் கூச்சலில் பிறக்கும் புரதங்களுள் ஒன்று ஏ20. அது செய்கிற காரியம் விசித்திரமானது: உற்சாக மாலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, 'இவனைக் கழித்துக் கட்டு' என்று பொருள்படும் வேறொரு மாலையை அதே கழுத்தில் சூட்டிவிடுகிறது. கூச்சலே தன்னை அடக்குகிறவரைப் பெற்றெடுக்கிறது.

இதை நான் இப்படி நினைத்துக்கொள்வதுண்டு. தொழுவமுள்ள பழைய வீடொன்றின் திண்ணையில் ஒரு கிழவர் சாய்ந்திருக்கிறார்; அவர்தான் ஏ20. விடிந்தால் பால் கறப்பவர், புல்லுக்கட்டுக்காரி, வறட்டி தட்டுகிறவள், வழி தவறிய ஆட்டுக்குட்டி என்று வாசலில் ஓயாத நடமாட்டம். ஒவ்வொரு காலடிக்கும் உள்ளிருந்து பிள்ளைகள் தடியோடு ஓடிவர, கிழவர் ஒரு கனைப்புக் கனைத்து, "நம்ம ஆள்தான், போய் வேலையைப் பாருங்கள்" என்கிறார். இரண்டு வாரம் இப்படிப் போனபின், திருடவும் தெரியாத தூசுப்பூச்சி எட்டிப் பார்த்தாலும் வீட்டில் ஒரு சலசலப்பும் எழுவதில்லை. அடுக்கு மாடியில் அழைப்புமணியே கேட்டறியாத வீட்டிலோ, மணி ஒருமுறை ஒலித்தால் தடிகள் கிளம்பி நாற்காலி மேசையெல்லாம் நொறுங்குகின்றன. கென்ட் குழு சோதித்த எலிகளுக்கு எண்டோடாக்சின் ஒருநாள் விட்டு ஒருநாள், மிகச் சிறு அளவில், இரண்டு வாரம் தரப்பட்டது. அது கிழவரின் மூக்குப்பொடி என்று வைத்துக்கொள்ளலாம். பொடி போடும் கிழவர் தும்மி நான் பார்த்ததில்லை. டப்பியிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை எடுத்த பேரன்தான் வீடு அதிரத் தும்முவான். டப்பியைத் திறந்தவுடனே என் உபமானம் எல்லை தாண்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூக்குப்பொடி நரம்பைப் பழக்குகிறது, ஏ20 நரம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. ஆனாலும் கிழவரை அந்த எலிகளில் பிரத்யட்சமாகவே காணலாம்: நுரையீரல் செல்களில் ஏ20 இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு எண்டோடாக்சின் தந்தும் பயனில்லை. திண்ணை காலியாக இருந்தது.

இனி இதையே காரணம் காட்டி, தொழுவத்தைப் புட்டியில் அடைத்து விற்கவும், குழந்தைக்குக் கைகழுவக் கற்றுத் தராதிருக்கவும் யோசனை சொல்கிறவர்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கு இரண்டொரு தடைகள். ஆமிஷ், ஹட்டரைட் ஆய்வில் ரத்தமும் தூசும் எடுத்துச் சோதிக்கப்பட்ட குழந்தைகள் மொத்தம் அறுபதே பேர். ஐசாக் கணக்கில் லத்தீன் அமெரிக்க நகரங்கள் பல, வறுமைக்கும் நெரிசலுக்கும் குறைவில்லாதவை, மூச்சிரைப்பிலும் முன்வரிசையில் நின்று 'அழுக்கு நல்லது' கட்சியைப் பரிகசித்தன. பஞ்சாலைத் தூசிலும் இதே எண்டோடாக்சின் உண்டு. அங்கே அது யாரையும் காப்பதில்லை, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் தொழிலாளியின் மார்பை இறுக்குகிறது. அளவும் வயதும் மாறினால் அதே பொருள் விபரீதம் செய்யும். தாய் கருவுற்றிருந்த காலத்திலும் பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் தொழுவத்தோடு உறவு இருந்த பிள்ளைகளிடமே காப்பு வலுவாகக் காணப்படுகிறது; கென்ட் எலிகளுக்கும் தூசுப்பூச்சி வருவதற்கு முன்பே எண்டோடாக்சின் தரப்பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆய்வாளர்கள் கண்டவரை ஆமிஷ் வீடுகள் அழுக்கானவை அல்ல. இரு சாரார் வீடுகளும் துடைத்து வைத்தாற்போல் சுத்தம். தொழுவம் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகள் வெறுங்காலோடு அதற்குள்ளும் வெளியிலுமாக நாள் முழுதும் ஓடுகிறார்கள், அவ்வளவே.

பேரனுக்கு ஆறு வயது. நோய் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. அவன் வீட்டில் தடிகளும் கிளம்பிவிட்டன. ஆகவே பாட்டியம்மாள் இன்ஹேலரைத் தாமாக நிறுத்த வேண்டாம். விடுமுறையில் பேரன் அந்தக் கிராமத்து வீட்டுக்குப் போகட்டும், கன்றுக்குட்டியைத் தடவட்டும். வைக்கோல் தூசுக்கு மூச்சு இரைத்தால் வெளியே அழைத்து வந்துவிடுங்கள், படுக்கையை மட்டும் தொழுவத்தருகே போட வேண்டாம். டாக்டர் எழுதிய இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.