எழுந்திருக்க வலுவில்லாத மனம்

புதுச்சேரியைப் போல வைத்திய வசதி அருகருகே அமைந்த நகரங்கள் தென்னாட்டில் அதிகமில்லை. 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியை ஸ்தாபித்தனர். அதன் மரபில் வந்து, 1964இல் ஜிப்மர் என்னும் பெயரைப் பெற்ற பெரிய ஆஸ்பத்திரி கோரிமேட்டில் நிற்கிறது. நகரத்துக்குள்ளேயே, கடற்கரைக்கு அண்மையில், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் ஜனங்கள் விடியற்காலைப் பஸ் ஏறி வந்து வரிசையில் நின்று வைத்தியம் பெற்றுச் செல்லும் இவ்வூரில், உள்ளூர்வாசி ஒருவர் மனநல வைத்தியரைக் காண்பது பெரும் பிரயாணம் எதுவும் வேண்டாத காரியம். அப்படியிருந்தும், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதிலும் லட்சத்துக்கு 10.6 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்க, புதுச்சேரியில் அவ்விகிதம் 43.2 ஆக இருந்தது. மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் அனைத்திலும் அவ்வாண்டு அதுவே உச்சம்.

இத்துயரத்திற்கு ஒரே காரணம் கற்பிப்பது நியாயமன்று. கடன், குடி, குடும்பக் கலகம், தீராப் பிணி, வேலையின்மை என்று பலவும் பின்னிக் கிடக்கும் இச்சிக்கலில், கவனிப்பாரற்ற மனச்சோர்வும் ஓர் இழை என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை. 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் என்றும், நோயுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் அளவில் சிகிச்சையின்றியே இருக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. ஆஸ்பத்திரியே இல்லாத மலைக்கிராமத்தில் இப்படி நேர்ந்தால் விளங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் நேர்வதற்கு வெட்கத்தையும் அறியாமையையும் தவிர வேறு பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துக்கம் வேறு, நோய் வேறு

நெருங்கியவரை இழந்தவர் அழுவதும், பரீட்சையில் தவறிய பிள்ளை வாடுவதும் மனித சுபாவம். அதற்கு வைத்தியம் தேவையில்லை, ஆறுதல் போதும். ஆனால், முன்பு இன்பம் தந்த எதிலும் நாட்டமின்றி, உறக்கம் கெட்டு அல்லது மிகுந்து, பசி குன்றி, கவனம் சிதறி, பல் துலக்குவதும் குளிப்பதும்கூடச் செய்ய இயலாக் காரியங்களாகத் தோன்றி, தான் எதற்கும் உதவாதவர், பிறருக்குப் பாரம் என்னும் எண்ணம் நாள் முழுவதும் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் நீடிக்குமானால், அதைச் சோம்பல் என்றோ சுபாவம் என்றோ ஒதுக்கிவிடலாகாது, அது நோய். பலருக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். காலைப்பொழுதே மிகக் கொடியதாக இருந்து, மாலையாக ஆக இறுக்கம் சற்றே தளரும். மாலையில் நாலு வார்த்தை பேசினார் என்பதற்காகக் காலையில் நடித்தார் என்று வீட்டார் முடிவுகட்டுவது எத்தனை பெரிய அநியாயம்!

நம் மக்களில் மிகுதியானோர் மனத்தைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறப்பதில்லை. ‘உடம்பே முடியலைங்க’, ‘தலையெல்லாம் பாரமா இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘எதுலயும் மனசு ஒட்டல’ என்பனவே அவர்கள் கூறும் நோய்க்குறிகள். இரத்தப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதென்று கேட்டு, மேலும் மனமுடைந்து திரும்புகிறார்கள். அதே சமயத்தில், தைராய்டு சுரப்பியின் குறைபாடு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவை இதே களைப்பையும் சோர்வையும் உண்டாக்கக்கூடும் என்பதால், முதல் பரிசோதனையை வீண் என்று சொல்வதற்கில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிழை.

செயல் முன்னே, உற்சாகம் பின்னே

இந்நோய் மற்றப் பிணிகளினின்றும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. வைத்தியரைத் தேடிப் போவதற்கும், மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதற்கும் எந்த மனவுறுதி வேண்டுமோ அந்த மனவுறுதியே இங்கு நோய்ப்பட்டிருக்கிறது. ‘தெம்பு வரட்டும், பிறகு எழுந்திருக்கிறேன்’ என்று நோயாளி காத்திருக்கிறார். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செயல் குறைகிறது. செயல் குறையக் குறைய இன்பம் பெறும் வாய்ப்புகளும், மனிதர் முகம் காணும் தருணங்களும் அற்றுப்போய்ச் சோர்வு இன்னும் ஆழமாகிறது. ஆகவே, உற்சாகம் பிறந்தபின் செயல் என்னும் வழக்கமான கிரமத்தை மாற்றி, மிகச் சிறிய செயலை முதலில் செய்து, உற்சாகத்தை அதன் பின்னே வரவிடுவது என்பது இக்காலத்து மனநல அறிஞர் கண்ட உபாயங்களில் தலையாயது.

ஏட்டளவில் நின்றுவிட்ட யோசனை அன்று இது. நம்மைப் போலவே ஐரோப்பியர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த கோவாவில், டாக்டர் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வுடைய ஏறத்தாழ 500 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு இம்முறையையும் சேர்த்து அளித்தார்கள். அளித்தவர்கள் மனநல வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். மூன்று மாத முடிவில் அப்பிரிவினரில் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் தணிந்திருக்க, மற்றப் பிரிவில் 39 பேருக்கே தணிந்திருந்தது. ‘லான்செட்’ சஞ்சிகையில் 2017இல் வெளியான இம்முடிவு, பெரிய படிப்பில்லாதவரின் பரிவும் ஒழுங்கான பயிற்சியும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

வீட்டில் இதைத் தொடங்குவது எங்ஙனம்? குளிக்க இயலாதவர் முகம் மட்டும் கழுவட்டும். சமைக்க இயலாதவர் வெங்காயம் மட்டும் உரித்துக் கொடுக்கட்டும். தெருமுனை டீக்கடை வரைக்கும் போய் ஒரு தேநீர் குடித்துத் திரும்புவதே ஒரு நாளுக்குரிய முழுக் காரியம் என்று வைத்துக்கொண்டு, அதைச் செய்த பின்னர் ஒரு காகிதத்தில் குறித்து வைக்கட்டும். அச்செயலில் இன்பம் தோன்றியதா என்று உடனே சோதிக்க வேண்டாம். முதல் வாரத்தில் பெரும்பாலும் தோன்றாது. மாலை முதல் மறுநாள் காலை வரையில் வாகனங்கள் தடுக்கப்படும் கடற்கரைச் சாலை நமக்கு வாய்த்த பாக்கியம். காலை வெயில் ஏறுமுன் அங்கே கால் மணி நேரம், துணையொருவரோடு, பேச்சில்லாமல் நடந்தாலும் குற்றமில்லை. எழும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் சரி. 1898இல் தொடங்கி, தலைமுறைகளுக்குச் சோறிட்ட ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டபோது தொழிலாளி இழந்தது சம்பளத்தை மட்டுமா? எப்போது எழுவது, எப்போது உண்பது, யாரோடு பேசுவது என்று அவர் நாளுக்கிருந்த ஒழுங்கும் அதோடு போயிற்று. வேலையிழந்தோரும், பணி ஓய்வு பெற்றோரும், பிள்ளைப்பேற்றுக்குப்பின் வீட்டுக்குள்ளேயே முடங்கிய இளந்தாய்மாரும் அந்த ஒழுங்கைத் தாமே மீண்டும் கட்ட வேண்டியவர்களாக இருக்கிறார்கள். அதைத் தனியே கட்டுவது கடினம்.

சாராயம் செய்யும் துரோகம்

மது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் பிரதேசம் நம்முடையது; இதைச் சொல்லாமல் இங்கே மனச்சோர்வைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. குடித்த சில நாழிகை கவலை மறக்கிறது, உறக்கமும் வருகிறது என்பது மெய்யே. ஆனால் அவ்வுறக்கம் பாதி இரவில் கலைந்துவிடுகிறது. மறுநாள் சோர்வு இரட்டிக்கிறது. மூளையின் செயலை மந்தப்படுத்தும் அப்பொருளே நாளடைவில் மனச்சோர்வை விளைவிக்கவும் செய்கிறது. துயரம் தலைக்கேறியிருக்கும் வேளையில் நிதானத்தைப் பறித்து, திரும்பப்பெற முடியாத முடிவுக்குத் தள்ளுவதிலும் குடிக்குப் பெரும்பங்குண்டு. ‘குடிக்கிறதால மனசு கெட்டுதா, மனசு கெட்டதால குடிக்கிறாரா’ என்று வீட்டில் வாதிட வேண்டாம். இரண்டையும் ஒருங்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாக நிறுத்துவது ஆபத்து. அதையும் வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும்.

மருந்தைப் பற்றிய அச்சம்

மனச்சோர்வுக்கான மருந்துகள் வேறு, தூக்க மாத்திரைகள் வேறு. முன்னவை போதைப்பழக்கத்தை உண்டாக்குவன அல்ல. அவை பலன் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் வரை ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ வருவதுண்டு. பலன் தெரியுமுன் தொல்லை தெரிவதால், பாதிப்பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்களோ என்று அஞ்சும்படி இருக்கிறது நிலைமை. குணமான பின்னரும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடர்வதும், நிறுத்தும்போது வைத்தியர் சொற்படி சிறுகச் சிறுகக் குறைப்பதும் அவசியம். லேசான சோர்வுக்கு மருந்தில்லாமல் ஆலோசனைச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். கடுமையான நோய்க்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். கோயிலுக்குப் போவதையும் வேண்டுதலையும் நான் குறைசொல்ல மாட்டேன்; அவற்றால் ஆறுதல் பெறுவோர் பெறட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

வீட்டார் கடமை

‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்னும் உபதேசம் அன்பினால் சொல்லப்படுவதே. எனினும் அது நோயாளியின் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. அதைவிட, அருகில் உட்கார்ந்து, ‘எப்போதிலிருந்து இப்படி இருக்கு?’ என்று கேட்டு, பதில் வரும் வரையில் பொறுத்திருப்பது நல்லது. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து பென்ஷன் பெறும் சொல்தா குடும்பங்களில், பிள்ளைகள் பாரிசில் இருக்க, வயோதிகத் தாய் தந்தையர் பெரிய வீட்டில் தனித்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். முதுமையில் வரும் மனச்சோர்வு மறதியாகவும் பேச்சுக் குறைவாகவும் தோற்றமளிக்கும். தொலைபேசியில் ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரு சொல்லில் மறைந்துவிடும். அண்டைவீட்டார் கண்தான் அங்கே முதல் துணை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அக்கேள்வியே பாரத்தை இறக்கிவைக்கும் வாய்ப்பாகிறது. ‘ஆம்’ என்று சொல்பவரைத் தனியே விடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் வழக்காகிவிடும் என்ற பழைய பயத்தால் மறைப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு உள்ளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று விதித்திருக்கிறது.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேசவும் வலுவில்லாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்காக நீங்கள் பேசுங்கள். நாளைக் காலை அவரோடு நீங்களும் புறப்பட்டு, புறநோயாளர் சீட்டு வாங்கும் வரிசையில் அவருக்குப் பதிலாக நில்லுங்கள்.