சாணம் அள்ளும் கைக்கு எரிவாயு எப்போது?

ஊர்த்தெரு மாட்டுக் கொட்டகைகளில் சாணம் அள்ளுவது பல கிராமங்களில் காலனிப் பெண்கள்தான். அந்தச் சாணத்தில் எரியும் அடுப்பு மட்டும் அவர்கள் வீட்டில் இல்லை.

இதில் மந்திரம் எதுவுமில்லை. சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் நுண்ணுயிரிகள் செரித்து மீத்தேன் தரும். வெளிவரும் சாணக்கரைசல் நல்ல உரம். வைக்கோல், காய்கறிக் கழிவையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம்; வைக்கோல் மட்டும் என்றால் மெதுவாகத்தான் மட்கும்.

வீட்டுக்கான 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அதாவது நாலைந்து மாடு. மத்திய அரசின் மானியத் திட்டம் 1981-82லேயே தொடங்கிவிட்டது. ஆனால் மாடும் கொல்லையும் உள்ளவருக்குத்தானே மானியம்? மூன்று சென்ட் வீட்டில் குழி எங்கே தோண்டுவது? ஏழைக்கான திட்டம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2018இல் வந்த கோபர்தன் திட்டத்தில் ஊர்ப் பொதுக்கலனுக்கு வழியுண்டு. உங்கள் ஊராட்சியில் அந்தப் பேச்சு வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: குழாய் காலனிக்கு வருமா? சாணம் சுமப்பவருக்குக் கூலி எவ்வளவு? உரம் விற்ற பணம் யார் கணக்கில் சேரும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.