முப்பது கிராம் விசை, டன் கணக்கில் லாபம்

கயத்தாறு காற்றாலைகளுக்குத் தென்கிழக்கே, தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து கிளம்பவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட், 500 கி.மீ. உயரத்துக்கு 500 கிலோ வரைதான் சுமக்கும். செயற்கைக்கோளில் எரிபொருளின் எடை குறைந்தால், அந்த இடத்தில் கூடுதல் கருவிகளை ஏற்றலாம். அதற்கான வழிதான் மின் உந்துவிசை.

எப்படி இயங்குகிறது?

தரையிலிருந்து ராக்கெட்டைத் தூக்க, மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிப்பது போன்ற ரசாயன எஞ்சின்கள்தான் வேண்டும். மின் உந்துவிசை தரும் த்ரஸ்டருக்கு விண்வெளியில்தான் வேலை. அதில் எதுவும் எரிவதில்லை. காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் எலக்ட்ரான்கள், செனான் வாயுவின் அணுக்களில் மோதி அவற்றை அயனிகளாக்கும். சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அந்த அயனிகளை வெளியே விரட்டும். ரசாயன எஞ்சினில் வாயு விநாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் வெளியேறும்; இதில் 15 கி.மீ.க்கும் மேல். வேகம் பல மடங்கு என்பதால் கொஞ்சம் வாயுவே போதும்.

குறை என்ன?

விசை மிகச் சிறிது. இஸ்ரோ உருவாக்கியுள்ள த்ரஸ்டர் 5.4 கிலோவாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு 300 மில்லிநியூட்டன் தருகிறது. தரையில் 30 கிராம் எடையைத் தாங்கத்தான் அது போதும். அதனால் பல மாதங்கள் விடாமல் தள்ளினால்தான் செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதையை எட்டும். அதுவரை அயனிகள் த்ரஸ்டரின் உட்சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். 2025 மார்ச்சில் இஸ்ரோ முடித்த 1,000 மணி நேரச் சோதனை, அந்த அரிப்பை அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்குத்தான்.

இந்தியாவின் நிலை

சோவியத் ஒன்றியம் 1970களிலேயே இத்தகைய த்ரஸ்டர்களை விண்ணில் இயக்கியது. இத்தகைய த்ரஸ்டர்களைச் சுமந்த இந்தியாவின் ஜிசாட்-4 செயற்கைக்கோள், 2010இல் ராக்கெட்டோடு கடலில் விழுந்தது. 2017 மே 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-9தான் மின் உந்துவிசையைப் பயன்படுத்திய முதல் இந்தியச் செயற்கைக்கோள். புதிய த்ரஸ்டரை டி.டி.எஸ்.-1 என்ற தொழில்நுட்பச் செயல்விளக்கச் செயற்கைக்கோளில் பொருத்துவது இஸ்ரோவின் திட்டம்.

4 டன் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளில் பாதிக்கு மேல் எரிபொருள்தான். மின் உந்துவிசையில் சுமார் 200 கிலோ போதும் என்கிறது இஸ்ரோ. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-20ஐ 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 கொண்டு ஏவ வேண்டியிருந்தது. எரிபொருள் எடை குறைந்தால் அத்தகைய செயற்கைக்கோள்களை நம் எல்.வி.எம்.-3 ராக்கெட்டே கொண்டுசெல்லும். ராக்கெட்டைப் பெரிதாக்காமலே அயல்நாட்டுக்குக் கட்டும் ஏவுகட்டணம் மிச்சமாகும்.