கடலில் பிடிபடும் ஆற்று மீன்

சால்மன் மீனின் தலைக்குள், மூளைக்கு அடியில், சின்னஞ்சிறு சுண்ணாம்புக் கற்கள் இருக்கின்றன. அவற்றைக் காதுக்கற்கள் என்பார்கள். மீன் வளர வளர அவற்றின்மேல் படலம் படலமாகச் சுண்ணாம்பு படிகிறது. கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் படிப்பதுபோல மீனின் வாழ்க்கையைப் படிக்கலாம். வட பசிபிக் கரையோரத்துக் குஞ்சுப் பொரிப்பகங்கள் இதை வைத்து அழகான ஒரு வேலை செய்கின்றன. குஞ்சு உருவாகும் நாட்களில் தொட்டித் தண்ணீரின் வெப்பத்தைக் கணக்காகச் சில பாகை ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காதுக்கல்லில் ஒரு கருங்கோடு விழுகிறது. கோடுகளின் இடைவெளிதான் அந்தப் பொரிப்பகத்தின் முத்திரை. ஆண்டுகள் கழித்து நடுக்கடலில் எந்த வலையில் அந்த மீன் விழுந்தாலும், அது எந்த ஊர்த் தொட்டியில் பொரித்தது என்று சொல்லிவிடலாம்.

காட்டாறுகளில் தானாகப் பிறக்கும் சால்மனுக்கு இந்த முத்திரை கிடையாது. அதற்கு வேறு அடையாளம் உண்டு. சால்மன் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படித் தத்தம் ஆற்றோடு வாழ்ந்ததில், ஒவ்வொரு வட்டார மீனுக்கும் மரபணுவில் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்துவிட்டன. துடுப்பின் நுனியில் நகக்கண் அளவு சதை போதும். ஒரு குவியல் மீனில் எத்தனை பங்கு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று ஆய்வகம் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே உள்ள பெரிங் கடலில் நடக்கும் பொல்லாக் மீன்பிடிப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் எடையளவில் மிகப் பெரிய மீன்பிடிப்பு அதுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 13 லட்சம் டன் பொல்லாக் வருகிறது. துரித உணவகங்களின் மீன் சாண்ட்விச்சும், மீன்விழுதாகச் செய்யும் சுரிமியும், கொரியர்கள் விரும்பும் மீன்முட்டையும் இதிலிருந்து வருபவை. கடலின் நடுநீரில் பெரிய இழுவை மடிகளை இழுத்துப் பிடிக்கிறார்கள். அதே நீரில்தான் சால்மனும் மேய்கிறது. பொல்லாக்கோடு சேர்ந்து மடிக்குள் போன சால்மன் பெரும்பாலும் உயிரோடு திரும்புவதில்லை. இப்படிக் குறி வைக்காத மீன் மாட்டிக்கொள்வதை உடன்பிடிப்பு என்கிறார்கள்.

இந்தச் சால்மனைக் கப்பல்காரர்கள் விற்கக்கூடாது என்பது சட்டம். விற்க முடியாததை மறைக்கவும் முடியாதபடி ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு மடியிலும் வந்த சால்மனைப் பிரித்தெடுத்து, தனியே எண்ண வேண்டும். கப்பலிலேயே பதப்படுத்துகிற இடங்களில் அந்தச் சால்மன் தொட்டியைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். மாட்டுபவற்றில் முக்கியமானவை சினூக், சம் என்ற இரு வகைச் சால்மன்கள்; பத்தில் ஒரு சினூக், முப்பதில் ஒரு சம் என்ற முறையில் சதைத் துணுக்கு எடுத்து அலாஸ்காவின் ஜூனோ நகரத்து ஆக் பே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பிடிபட்டவற்றில் பல இன்னும் முதிராத மீன்கள். அவை எல்லாமே ஊர் திரும்பியிருக்காது. சிலவற்றைத் திமிங்கிலமோ கடல்நாயோ தின்றிருக்கும். அதையும் கழித்து, இந்த மடிக்குத் தப்பியிருந்தால் எத்தனை மீன், எந்த ஆண்டில், எந்த ஆற்றுப் பக்கம் வந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். உலகில் இவ்வளவு கவனமாக எண்ணப்படும் உடன்பிடிப்பு அதிகம் இல்லை. எண்ணுவதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எண்ணிக் கிடைத்தது என்ன? 2005இல் சுமார் 7 லட்சம் சம் சால்மன். 2007இல் 1,20,000க்கு மேல் சினூக். 2021இல் 5,40,000க்கு மேல் சம். இந்தக் கடைசி எண்ணைச் சொன்னதும் கப்பல் தரப்பு உடனே மரபணு அறிக்கையை எடுத்துக் காட்டும்; அது நியாயமும்கூட. அந்த ஆண்டு மீன்களில் பாதிக்கும் மேல் ஆசியக் கரையைச் சேர்ந்தவை. ரஷ்ய, ஜப்பானியப் பொரிப்பகங்கள் விட்ட மீன்கள் அவற்றில் ஏராளம். மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்கு உரியவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது ஏறக்குறைய 50,000.

அதே 2021 கோடையில் யூக்கான் ஆற்றுக்கு வந்த கோடைச் சம் சால்மன் சுமார் 1,50,000தான். வழக்கமாக வருவது 17 லட்சம் அளவில். சினூக்கும் தேறவில்லை. மீன்வளத் துறை ஆற்றில் சினூக், சம் இரண்டையும் பிடிக்க முழுத் தடை போட்டது. விற்பதற்கான பிடிப்பு மட்டுமல்ல, வீட்டுச் சாப்பாட்டுக்கான பிடிப்பும் நின்றது. வேறு பகுதிகளில் பிடித்த சால்மனை விமானத்தில் ஏற்றி, யூக்கான் கரை ஊர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அது எப்படிப்பட்ட அடி என்று புரிய, அந்த ஆற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். யூக்கான் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கனடாவில் தொடங்கி அலாஸ்காவைக் குறுக்கே கடந்து பெரிங் கடலில் கலக்கிறது. அதன் மேல்நீரில் பிறந்த சினூக், கடலில் வளர்ந்தபின் அவ்வளவு தூரத்தையும் எதிர்நீச்சலில் ஏறுகிறது. ஆற்றுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு வாய் இரைகூட எடுப்பதில்லை. பல வாரப் பயணத்துக்கான எரிபொருள் முழுவதையும் கொழுப்பாக உடம்பிலேயே கட்டிக்கொண்டு புறப்படுகிறது. யூக்கான் சினூக் அவ்வளவு கொழுப்பும் சுவையுமாக இருப்பது இதனால்தான். ஆற்றின் கழிமுகத்தில் யூப்பிக் மக்கள், நடுவில் அதபாஸ்கன் மக்கள், எல்லை தாண்டினால் கனடாவின் முதற்குடிகள். எல்லோருக்கும் கோடை என்றால் மீன்முகாம். குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய்த் தங்கி, வலை போட்டு, மீன் சக்கரம் வைத்துப் பிடித்து, அறுத்துக் கீறித் தொங்கவிட்டு, புகைக்கொட்டகையில் வாரக்கணக்கில் புகையிட்டுக் குளிர்காலத்துக்குச் சேர்ப்பார்கள். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் சம் சால்மன்தான் உணவு; அதற்கு நாய்ச் சால்மன் என்றே ஒரு பெயர் உண்டு. கடைக்குச் சாலை இல்லாத, எல்லாச் சரக்கும் விமானத்திலோ படகிலோ வந்து இறங்கும் ஊர்களில், இந்த மீனுக்கு ஈடாக இன்னொன்றை வாங்கிவிட முடியாது.

சால்மன் குறைந்ததற்கு இழுவைக் கப்பல்கள் மட்டும் காரணமல்ல. ஆற்று மக்களும் அப்படிச் சொல்லவில்லை. 2010களின் இரண்டாம் பாதியில் பெரிங் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. சத்துள்ள இரை குறைந்து, இளம் சம் சால்மன்கள் சொறிமீனைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டன. குளிர்காலம் தாண்டக் கொழுப்பில்லாமல் போயின. 2019 கோடையில் யூக்கானின் கிளையாறான கோயுகுக்கில், வயிற்றில் முட்டையோடு சம் மீன்கள் வெப்பம் தாங்காமல் செத்து மிதந்தன. அப்படியென்றால் கப்பல் பிடிக்கும் 50,000 பெரிய எண்ணா, சிறிய எண்ணா? நல்ல ஆண்டில் சிறிது. 1,50,000 வரும் ஆண்டில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 50,000 மீனும் யூக்கானுக்கு மட்டும் உரியதல்ல, எல்லாமே அந்த ஆண்டே திரும்பியிருக்காது என்பதெல்லாம் தெரிந்த பிறகும். கடலைக் குளிர வைக்கும் வழி எந்தக் குழுவிடமும் இல்லை. மடியில் விழும் மீனுக்கு வரம்பு வைக்க முடியும்.

அந்த வரம்பை வைப்பது யார் என்பதுதான் பிரச்சினையின் மையம். 1976ஆம் ஆண்டு மேக்னசன் மீன்வளச் சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கடலைப் பிரித்து எட்டு வட்டார மன்றங்கள் அமைத்தார்கள். அலாஸ்கா கடலுக்கு வட பசிபிக் மீன்வள மேலாண்மை மன்றம். அதில் 11 வாக்குகள். அரசுத் துறைகளுக்கு நான்கு. அலாஸ்கா, வாஷிங்டன் மாநில ஆளுநர்களின் பரிந்துரையில் ஏழு. பழங்குடிக்கென்று ஒதுக்கிய வாக்கு ஒன்றுகூட இல்லை. அதே சட்டத்தில் தெற்கே உள்ள பசிபிக் மன்றத்துக்குப் பழங்குடி இருக்கை உண்டு. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வாஷிங்டன் பழங்குடிகள் 1850களில் அரசோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், அந்த ஒப்பந்தப்படி பிடிக்கத்தக்க சால்மனில் பாதி அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். மேலாண்மையிலும் அவர்கள் பங்காளிகள் ஆனார்கள். அலாஸ்காவில் அப்படி ஒப்பந்தங்கள் இல்லை. மாறாக, 1971ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம் நிலமும் பணமும் கொடுத்துவிட்டு, தொன்றுதொட்டு வந்த வேட்டை, மீன்பிடி உரிமையை ரத்து செய்தது. 1980இல் வந்த இன்னொரு சட்டம் கிராமத்தவரின் உணவுத் தேவைக்கு முன்னுரிமை தந்தது; ஆனால் அது கூட்டரசு நிலத்துக்கும் அதன் நீருக்கும் மட்டும். நடுக்கடலில் இழுக்கும் மடிக்கு அது பொருந்தாது.

ஆகவே யூக்கான் கரையிலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டுமானால், பொதுமக்களில் ஒருவராக வரிசையில் நின்று சில நிமிடம் பேசலாம். மன்றத்தின் கூட்டங்களில் ஒன்று ஜூன் மாதத்தில், மீன் ஏறும் பருவத்தில் வரும். எதிர்ப்பக்கம் கப்பல் தரப்பின் வழக்கறிஞர்களும் பொருளியலாளர்களும் முழுநேர வேலையாக அங்கேயே அமர்ந்திருப்பார்கள்.

கடற்கரைப் பழங்குடி ஊர்கள் எல்லாமே இழுவை மடிக்கு எதிர் என்று நினைத்துவிடக் கூடாது. 1992இல் தொடங்கிய ஒரு திட்டப்படி, பெரிங் கடலோரத்து 65 ஊர்கள் ஆறு அமைப்புகளாகச் சேர்ந்து, பொல்லாக் அளவில் 10 சதவீதத்தைப் பெறுகின்றன. அந்தப் பணத்தில் வேலையும் படிப்புதவியும் நடக்கின்றன. சில அமைப்புகள் கப்பல்களிலேயே பங்கு வைத்திருக்கின்றன. உள்நாட்டில், ஆற்றின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஒரே மீனால் ஒரு ஊர் இழக்கிறது, இன்னொரு ஊர் வாழ்கிறது. இதைத் தீர்த்துக்கொள்ளும் பேச்சு அந்த மக்களுக்குள்ளேயே, அதிகாரமுள்ள ஒரு மேசையில் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் சார்பில் வேறு யாரோ தராசு பிடிப்பது சரியில்லை.

எதுவுமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007இன் அதிர்ச்சிக்குப் பிறகு, 2011 முதல் சினூக்குக்கு 60,000 என்ற உச்ச வரம்பு வந்தது. 2016இல் அது ஆற்றோடு கட்டப்பட்டது: உனலக்லீட் ஆறு, கஸ்கோக்விம் ஆறு, யூக்கானின் மேல்பகுதி ஆகிய மூன்றுக்கும் திரும்பும் சினூக் மொத்தம் 2,50,000க்குக் கீழே போனால், கப்பல்களின் வரம்பும் 45,000 ஆகக் குறையும். ஆற்றில் வறட்சி என்றால் கடலிலும் கை சுருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கிய ஏற்பாடு இது. சம் மீனுக்கு 2021இல் அப்படி எந்த உச்ச வரம்பும் இல்லை. அதைக் கேட்டுத்தான் ஆற்று மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மன்றம் மரபறிவையும் உணவுத் தேவையையும் ஆராயத் தனிக் குழு அமைத்தது. ஆலோசனைக் குழுவில் பழங்குடிக்கென்று ஒரு இடம் தந்தது. 2023இல் அலாஸ்காவின் இரண்டு பெரிய பழங்குடி அமைப்புகள், 2004, 2007ஆம் ஆண்டுகளின் பழைய சூழல் ஆய்வை வைத்துக்கொண்டு இன்றும் பிடிப்பளவு நிர்ணயிப்பது தவறு என்று வழக்குப் போட்டன. 2025இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மரபறிவு என்றதும் பழைய கதை, பாட்டு என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. யூக்கான் ஆற்றில் நடந்ததைக் கேளுங்கள். 1980களில் மீன் அறுப்பவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சில சினூக்கின் சதை புகைக்கொட்டகையில் சரியாகக் காயவில்லை. பழ வாடை அடித்தது. பின்னால் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, இக்தியோஃபோனஸ் என்ற ஒட்டுண்ணி அந்த மீன்களின் இதயத்தையும் தசையையும் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. கத்தியும் மூக்கும் கண்டுபிடித்ததை ஆய்வகம் உறுதி செய்தது. சினூக் அளவில் சிறுத்துவருகிறது, பெரிய பெண்மீன்கள் குறைகின்றன என்பதையும் ஆற்றங்கரை முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு அளவெடுத்த ஆய்வுகள் அதையே காட்டின. பெரிய மீன்கள் தப்பிப் போகட்டும் என்று 2011 முதல் யூக்கானில் வலைக் கண்ணின் அளவுக்கு 7.5 அங்குலம் என்று வரம்பு வைத்தார்கள். ஆய்வகத்தின் மரபணு அட்டவணை மீன் எங்கே பிறந்தது என்று சொல்கிறது. நாற்பது கோடை அறுத்த கை, இந்த ஆண்டு மீன் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் இரண்டும் வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்குப் பக்கத்து ஆறே எடுத்துக்காட்டு. கஸ்கோக்விம் கரையின் 33 பழங்குடிகள் சேர்ந்து 2015இல் ஒரு பொது ஆணையம் அமைத்தன. கூட்டரசு எல்லைக்குட்பட்ட ஆற்றுப்பகுதியில் எந்த நாள், எத்தனை மணி நேரம் வலை போடலாம் என்பதை, வனவிலங்குத் துறை அந்த ஆணையத்தோடு கலந்தே முடிவு செய்கிறது. வலை போட வேண்டாம் என்று தங்கள் மக்களிடமே சொல்லும் கசப்பான வேலையையும் ஆணையம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் செயல் இயக்குநராக இருந்த யூப்பிக் பெண்மணி மேரி பெல்டோலா 2022இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். வட பசிபிக் மன்றத்தில் பழங்குடிகளுக்கு இரண்டு வாக்குகள் கொடுக்கும் திருத்தத்துக்காக அவர் வாதாடினார். அது சட்டமாகவில்லை, 2024 தேர்தலில் அவர் தோற்றார்.

2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும், கனடாவில் பிறந்த யூக்கான் சினூக்கைப் பிடிப்பதை ஏழாண்டு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. ஏழாண்டு என்பது சினூக்கின் ஒரு முழுத் தலைமுறை. எல்லையை 71,000 மீன் தாண்ட வேண்டும் என்பது இலக்கு. மீனுக்கு இது தேவையான ஓய்வு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2024இல் ஆறு வயதாக இருந்த யூக்கான் கரைக் குழந்தை, பதிமூன்று வயதுவரை தன் வீட்டில் சினூக்கை அறுத்துப் பார்க்காமலே வளரும். சதை சரியாகக் காய்கிறதா, வாடை மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கை அந்த வயதில்தான் பழகும். மன்றத்தில் இருக்கை கேட்பவர்கள் அவசரப்படுவது இதனால்தான். மரபறிவுக்கு இடம் ஒதுக்கும் நாள் தள்ளிப்போகப் போக, அந்த அறிவோடு வந்து உட்காரக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போகிறது.