கடைச் சிப்பந்தியின் குரல்

மேனாட்டு இசை நாடகமாகிய ஆப்பராவில் ஆண்களின் உச்சக் குரலுக்கு டெனர் என்று பெயர். அதிலும் வகைகள் உண்டு. காதற் பாடல்களை இழைத்துப் பாடும் மெல்லிய குரல் ஒன்று. வீரமும் வெறியும் பெருந்துயரமும் கொண்ட பாத்திரங்களைத் தாங்கும் கனத்த குரல் மற்றொன்று. பின்னது மிக அரிது. வாத்தியக் குழு முழுவதும் ஒருங்கே முழங்குகையில், ஒலிபெருக்கியின் துணையின்றி, கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாட வேண்டும். நம் பழைய நாடகக் கொட்டகைகளின் ராஜபார்ட் நடிகர்களைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அத்தகைய குரல் படைத்தவர் ஜான் விக்கர்ஸ். கனடா நாட்டில் ஸஸ்காச்சுவான் மாகாணத்துப் பிரின்ஸ் ஆல்பர்ட் என்னும் சிற்றூரில், 1926ஆம் ஆண்டு, எட்டுக் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்வார். மகன் அங்கே பாடினார். பிழைப்புக்குக் கடையில் வேலை பார்த்தார். 1950இல் டொராண்டோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1953இல் திருமணம், பின்னர் குழந்தைகள். அங்குமிங்கும் பாடிக் கிடைத்த ஊதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. பாட்டை விட்டு மீண்டும் வியாபாரத்துக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்த வேளையில், லண்டன் காவென்ட் கார்டன் அரங்கின் நிர்வாகி டேவிட் வெப்ஸ்டரின் அழைப்பு வந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாவால் இவ்விடத்தை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. அழைப்பு சில மாதங்கள் தாமதித்திருந்தால், அக்குரல் ஏதோவொரு கடையில் சரக்குக் கணக்கு ஒப்பித்துக்கொண்டு இருந்திருக்கும் அன்றோ?

பிறகு ஏற்றம் விரைவாக வந்தது. 1957இல் லண்டன், 1958இல் வாக்னர் விழா நடக்கும் பைராய்ட், 1960இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன். ஒதெல்லோ, ஸீக்மண்ட், ட்ரிஸ்டன் முதலிய பெரும் பாத்திரங்கள் யாவும் அவரைத் தேடி வந்தன.

ஆயினும் அவரை மறக்கவொண்ணாதவராக்கியது பீட்டர் கிரைம்ஸ் என்னும் செம்படவன் வேடமே என்பது என் எண்ணம். ஆங்கிலேயர் பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய இந்நாடகம் 1945இல் முதன்முதலாக அரங்கேறியபோது, மென்குரலினரான பீட்டர் பியர்ஸ் அவ்வேடத்தைத் தாங்கினார். தன்னிடம் வேலை பழக வந்த சிறுவர்களின் மரணத்துக்காக ஊராரால் வெறுக்கப்பட்டவன் கிரைம்ஸ். விக்கர்ஸ் அவனை முரடனாக, அடிபட்ட விலங்காகக் காட்டினார். இயற்றியவருக்கே இது பிடிக்கவில்லை என்பர். கடைசிக் காட்சியில் வாத்தியங்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். மூடுபனிச் சங்கும், தூரத்தில் ஊரார் அவன் பெயரைக் கூவுவதும் மட்டுமே கேட்கும். அரங்கை அதிர வைக்கும் அதே குரல் அங்கே முணுமுணுப்பாகத் தேய்கிறது. பின்னர் அவன் தன் படகோடு கடலில் மூழ்கப் போகிறான். இசைத்தட்டில் கேட்கும்போதே உடல் சிலிர்க்கிறது.

மனிதர் கடுமையானவர். 1975இல் டல்லாஸ் நகரில் ட்ரிஸ்டன் உயிர் விடும் காட்சியைப் பாடிக்கொண்டிருக்கையில், சபையோர் இருமியதைப் பொறாமல் இடையிலேயே அதட்டினார். 1977இல் வாக்னரின் டான்ஹாய்ஸர் வேடத்தை ஏற்க ஒப்பிப் பின்பு மறுத்தார். கதை தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்றார். குரலுக்கு ஒவ்வாத உயர்ந்த ஸ்தாயியே உண்மைக் காரணம் என்று சிலர் சொன்னார்கள். மனைவியைக் கொல்லும் ஒதெல்லோவாக நடித்தவர், மன்னிப்பை நாடி ரோமாபுரிக்கு நடந்து செல்லும் பாவியை வெறுத்தது எனக்கும் புதிராகவே உள்ளது. ஆனால் கூலிக்காக மனசாட்சியை விற்க மறுத்தார் என்றால், ஒரு காலத்தில் கூலி போதாமல் பாட்டையே துறக்க இருந்தவர் அவர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1988இல் மேடையை விட்டு விலகினார். பத்தாண்டுகள் கழித்து, 1998இல் மான்ட்ரியல் நகரில், பியானோ துணையோடு ஒரு கவிதையைப் பாடாமல் வாசித்தார். டென்னிஸனின் ஈனக் ஆர்டன் அது. நெடுநாள் கழித்து ஊர் திரும்பி, மனைவி மற்றொருவனை மணந்திருப்பதைக் கண்டு வாய் திறவாமல் வாழும் கடலோடியின் கதை. முதுமையில் ஞாபக மறதி நோய்க்கு ஆளாகி, 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்டேரியோ மாகாணத்தில் காலமானார்.