இரவில் வண்டி நிற்கும் இடம்

புதிய யந்திரம் ஒன்று ஜனங்களிடையே பரவுமா, பரவாதா என்பதை அந்த யந்திரத்தின் திறமை மட்டும் தீர்மானித்துவிடுவதில்லை. அதை வாங்குகிறவர் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறார், அந்த வீடு யாருக்குச் சொந்தம், அதன் மின்சார மீட்டர் யார் பெயரில் ஓடுகிறது என்கிற விஷயங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. மின்சார வாகனங்களின் சரித்திரம் இதைத்தான் சொல்கிறது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய மோட்டார் வாகனம் பெட்ரோலால் ஓடியதல்ல. 1899இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி ஓட்டிய மின்சார வண்டிதான் அது. 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மோட்டார் வாகனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சார வண்டிகளாகவே இருந்தன. 1908இல் ஃபோர்டு கம்பெனியின் மலிவான 'மாடல் டி' கார் வந்ததும், 1912இல் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் பெட்ரோல் காரில் பொருத்தப்பட்டு, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் கஷ்டம் ஒழிந்ததும் மின்சார வண்டிகளின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வாஸ்தவம்தான். ஆனால் அக்காலத்தில் நகரத்து எல்லையைத் தாண்டினால் மின்சாரக் கம்பியே கிடையாது என்பதையும், பெட்ரோலையோ தகர டப்பாவில் அடைத்துக் கிராமத்து மளிகைக் கடையில்கூட விற்க முடிந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான், அந்த வண்டிகள் ஏன் தோற்றன என்பது முழுமையாக விளங்கும்.

இன்றைய நிலைமை வேறு. கம்பி இல்லாத ஊர் நம் நாட்டில் அநேகமாக இல்லை. 30 கிலோமீட்டர் ஓட ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகமான மின்சாரம் போதும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் 60 ரூபாய்க்கு மேல் கேட்கிறது. இந்தியாவில் விற்கும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி ஒசூர் அடங்கிய நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தயாராகின்றன. மத்திய சர்க்கார் 2019இல் இவற்றின் மீதான ஜி.எஸ்.டி. வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. மானியங்களும் வழங்கி வந்திருக்கிறது. இவ்வளவு அனுகூலங்கள் இருந்தும், 2024-25இல் நாட்டில் விற்ற இருசக்கர வாகனங்களில் நூற்றுக்கு ஆறு அளவுதான் மின்சாரத்தால் ஓடுபவை.

பேட்டரியின் இயல்பிலேயே சில தடைகள் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியிலோ சாதாரணமாக ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கும். பெட்ரோல் எஞ்சின் தான் பெற்ற சக்தியில் முக்கால் பாகத்தை வெப்பமாக வீணாக்குவதாலும், மின்சார மோட்டார் ஐந்தில் நான்கு பாகத்துக்குமேல் சக்கரத்துக்கே கொடுத்துவிடுவதாலும், இந்தப் பெரிய வித்தியாசம் சுருங்குகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. ஆகவேதான் தொலைதூரப் பிரயாணத்துக்கு ஏற்ற மின்சாரக் கார் கனமாகவும் விலை மிக்கதாகவும் இருக்கிறது. ஆனால் தினம் 20, 30 கிலோமீட்டர் போய் வருகிற ஸ்கூட்டருக்கு இந்தக் குறை பெரிய குறையல்ல.

வெப்பம்தான் நம் தேசத்தில் கவனிக்க வேண்டியது. சித்திரை, வைகாசி வெயிலில் நின்று சூடேறிய பேட்டரிக்கு உடனே மின்னேற்றினால் அதன் ஆயுள் குறைகிறது. உள்ளே ஏதேனும் ஒரு செல் பழுதுபட்டு அளவு மீறிச் சூடானால், அந்தச் சூடே ரசாயன மாறுதலைத் துரிதப்படுத்தி, மேலும் சூட்டை உண்டாக்கி, பக்கத்துச் செல்லுக்குத் தாவி, நிறுத்த முடியாத தீயாகிவிடுகிறது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, ஒரு தந்தையும் அவருடைய மகளும் மாண்டு போனார்கள். அந்த வருஷத்தில் பல ஊர்களில் நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிகளுக்கான பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக அமலுக்கு வந்தன. இரும்பு, பாஸ்பேட் சேர்ந்த வகைப் பேட்டரிகள், நிக்கல் சேர்ந்தவற்றைவிடச் சற்றுக் கனமானாலும், வெப்பத்தை நன்றாகத் தாங்குகின்றன. எனினும் ஜனங்களின் மனத்தில் புகுந்த பயம் விதிமுறைகளால் மட்டும் நீங்குவதில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தடை என்று நான் கருதுவதற்கு வருகிறேன். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி சாதாரண வீட்டுச் சாக்கெட்டிலிருந்தே நான்கைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். 'பெட்ரோல் பங்க்' போன்ற தனி நிலையம் வேண்டியதில்லை என்பதே அதன் பெரிய சௌகரியம். ஆனால் இந்தச் சௌகரியம் முழுவதும், வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தமக்கென்று ஒரு சாக்கெட் உள்ளவர்களுக்கு மட்டுமே சித்திக்கிறது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் இரண்டாம் மாடியிலோ மூன்றாம் மாடியிலோ வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்திப் பூட்டுகின்றன. கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி சில வண்டிகளில் உண்டு என்றாலும், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தைத் தினமும் மாடிப்படியில் சுமக்க, வேலை முடிந்து களைத்து வருகிற ஒரு பெண்மணியைக் கேட்பது எப்படித் தகும்? கீழ்த்தளத்தில் ஒரு சாக்கெட் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், தீப்பற்றும் என்று வீட்டுக்காரர் மறுக்கிறார். சம்மதிக்கிறவரோ, மின்வாரியக் கட்டணத்தைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு ஒரு தொகையைத் தாமே நிர்ணயித்து வசூலிக்கிறார்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. வீட்டு மீட்டரிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை வயர் இழுக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். பொது இணைப்பிலிருந்து எடுத்தாலோ கட்டணம் அதிகம். அதை யார் எப்படிப் பகிர்வது என்ற தகராறும் கூடவே வரும். தங்கள் வீட்டு இணைப்பிலிருந்தே வாகனத்துக்கு மின்னேற்றிக்கொள்ள மத்திய மின்சார அமைச்சகத்தின் நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால், அந்த நெறிமுறை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமான ஓர் உதாரணம் டில்லியில் இருக்கிறது. அங்கே பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் மிகவும் ஏழைகள். அநேகருக்கு வண்டி நிறுத்த இடமும் கிடையாது, மீட்டரும் கிடையாது. ஆயினும் அந்த வண்டி டில்லித் தெருக்களை நிரப்பிவிட்டது. ராத்திரி வண்டியை நிறுத்திக் காவல் காத்து, விடிவதற்குள் மின்னேற்றியும் கொடுத்து, நாள் வாடகை வாங்கிக்கொள்ளும் கொட்டகைகள் பேட்டைதோறும் தாமாகவே முளைத்ததுதான் காரணம். அவற்றில் பல, பாதுகாப்புக் குறைவாகவும் ஒழுங்கில்லாமலும் நடப்பவை என்பது மெய். எனினும் வண்டி நிற்கும் இடமும் மின்சாரம் கிடைக்கும் இடமும் ஒன்றாகிவிட்டால், கையில் பணமில்லாதவர்கள்கூட மின்சார வாகனத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்யட்சமான நிரூபணம் வேண்டியதில்லை.

பழைய மின்சார வண்டியை என்ன விலைக்கு விற்பது என்ற சந்தேகம், தெருமுனை மெக்கானிக்கால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாத நிலை, கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் பிளக் ஆகியவையும் தடைகள்தாம். ஆனால் வண்டிகள் பெருகப் பெருக இவை தாமே குறையும். சாக்கெட் பிரச்சினை தானாகக் குறையாது.

அதைத் தீர்ப்பது கடினமான காரியமுமல்ல. 2021இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம், சுவரிலோ கம்பத்திலோ பொருத்தி, கைபேசி மூலம் பணம் செலுத்தி உபயோகிக்கக்கூடிய ஓர் எளிய மின்னேற்றிக்கு விதி வகுத்தது. அதன் விலை 3,500 ரூபாய் அளவில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய நோக்கம். இதை எங்கே பொருத்துவது என்று யோசித்தால், தாம்பரம், செங்கல்பட்டு போன்ற ரயில் நிலையங்களின் வாகன நிறுத்தங்கள்தாம் எனக்கு முதலில் தோன்றுகின்றன. காலையில் அங்கே விட்டுப் போகிற வண்டிகள் சாயங்காலம் வரை வெயிலில் சும்மா நிற்கின்றன. சூரிய மின்சாரம் ஏராளமாகக் கிடைப்பதும் அதே நேரத்தில்தான். இரவிலோ அது அறவே கிடையாது. நிறுத்துமிடத்துக்கு ஒரு கூரையும், கூரையின் மேல் சூரியத் தகடும், தூணுக்கு ஒரு சாக்கெட்டும் அமைத்தால், வண்டி வெயிலில் காயாமலும் இருக்கும், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மின்னேற்ற இடமும் கிடைக்கும். நெடுஞ்சாலைகளில் பெரும் பொருட்செலவில் அமைக்கும் விரைவு மின்னேற்ற நிலையங்கள் காருக்கு அவசியமானவை. ஆனால் அவற்றால் தெருவோர ஸ்கூட்டர்க்காரருக்குப் பிரயோஜனமில்லை.

2024இல் நார்வே தேசத்தில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார் மீது அவர்கள் விதித்த பெரும் வரியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அடுக்குமாடியில் வசிப்பவர் மின்னேற்ற வசதி கேட்டால், தக்க காரணமின்றிச் சங்கம் மறுக்கக்கூடாது என்று அவர்கள் சட்டம் செய்திருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் சர்க்காரும் அப்படி ஒரு சட்டம் செய்ய வேண்டும். அதில் வாடகைக்கு இருப்பவரின் உரிமையையும் தெளிவாகச் சேர்க்க வேண்டும். அதுவரை குடியிருப்போர் சங்கங்களின் காரியதரிசிகளுக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சாக்கெட் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், தேர்ந்த எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயரும், எர்த்தும், மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும், ஒரு துணை மீட்டரும் போட்டுக் கொடுங்கள்.