பல்கலைக்கழகம் புகும் மாணவனும் அவன் உறையுளும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்பது சிறுவரும் அறிந்த உண்மை. இவற்றைத் தாயுந் தந்தையும் பார்த்துக்கொள்வர் என்று கவலையின்றி இருந்த மாணவன், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளிலே மூன்றையும் தானே தேடவேண்டியவனாகின்றான். எந்தப் பீடம், எந்தப் பாடம் என்று ஈராண்டு ஆராய்ந்த அவன், எங்கே தங்குவது என்பதை மட்டும் பிறர் சொற்கேட்டு இரண்டு நாளில் முடிவுசெய்து விடுகின்றான். அம்முடிவு அவனது கல்வியை எத்துணைத் தூரம் ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதும் நான் பல்கலைக்கழகத்தில் மாணவனாய் இருந்தவனல்லேன். ஆசிரியர் கலாசாலையிலே விடுதியில் தங்கிப் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியனாய் வெளிவந்தவன். ஆயினும் இவ்விடயத்தை எழுதுதற்கு எனக்கு ஒரு கடமை உண்டு. அஃது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நம் நாட்டிலே பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் நோக்குடன் 1906ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் ஒரு சங்கத்தை நிறுவினர். 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முதல் உபவேந்தராக விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்திலே, 1952இல், அது பேராதனைக்குப் பெயர்ந்தது. விரிவுரை கேட்டுவிட்டு வீடு திரும்பும் இடமாக அன்றி, மாணவர் ஒருங்கு தங்கிக் கற்கும் இடமாகவே பேராதனை வகுக்கப்பட்டது. ஆதலின் விரிவுரை மண்டபங்களோடு விடுதி மண்டபங்களும் மகாவலிக் கரையிலே எழுந்தன. அவற்றுள் இரண்டு, அருணாசலம் அவர்களின் பெயரையும் அவர்தந் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. தம்பியார் 1924இலும் தமையனார் 1930இலும் மறைந்தனர். தம் பெயர் தாங்கிய மண்டபங்களை இருவருங் கண்டாரில்லை.

விடுதி என்பது படுக்கைக்கும் பெட்டிக்கும் இடந்தரும் கட்டடம் மட்டுமன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பொருள். மருத்துவம் பயில்வான் ஒருவனும் வரலாறு பயில்வான் ஒருவனும் ஒரே மேசையில் உண்பதும், தமிழ் பேசுவோனும் சிங்களம் பேசுவோனும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்குவதும் பாடவிதானத்தில் எழுதப்படாத பாடங்கள். திருக்குறளிலே பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நம் மாணவர் வகுப்பிலே மனனம் செய்கின்றனர். அவற்றின் பொருளை உணரும் வாய்ப்பு அவர்க்கு முதன்முதலில் நேர்வது தங்குமிடம் தெரியும்போதே எனலாம்.

இனி என் கடமைக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், தோட்டஞ் செய்து பிழைக்கும் ஒருவரின் மகன், என்னிடம் தமிழ் கற்றவன், தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். அவனுக்கு விடுதியில் இடம் கிடைத்தது. ஆயினும் பகிடிவதைக்கு அஞ்சி என்னிடம் யோசனை கேட்டான். “தம்பி, விடுதியில் கூச்சலும் வீண்பேச்சும் இருக்கும். தனியறை எடுத்தால் அமைதியாகப் படிக்கலாம்” என்றேன். அவன் தாயார் காப்பை அடகு வைத்து முற்பணம் கொடுத்தனர்.

அறை ஒரு வீட்டின் பின்புறத்தில் இருந்தது. வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. இவனுக்குச் சிங்களம் தெரியாது. மாலையில் பேருந்தைத் தவறவிட்டால் உணவுக்கடை மூடியிருக்கும். விரிவுரை நேரம் மாறியதையும் ஒப்படைக்குரிய நாளையும் மற்றை மாணவர் விடுதியிலே பேசி அறிந்தனர், இவன் அறிந்திலன். ஒருமுறை மூன்று நாட் காய்ச்சலாய்க் கிடந்தான். தண்ணீர் கொடுப்பாரும் இல்லை. முதல் அரையாண்டிலே இரண்டு பாடங்களில் தவறி ஊருக்கு வந்தவன், இனித் திரும்பிப் போகேன் என்றான். “சேர், அந்த அறையிலை நான் இருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது, இல்லாட்டிலும் ஒருத்தருக்கும் தெரியாது” என்று அவன் கூறிய சொல் இன்றும் என் செவியில் நிற்கின்றது.

அவன் தந்தையாரும் நானும் உடன்சென்று மாணவர் ஆலோசகரைக் கண்டோம். சில மாதங்களின்பின் விடுதியில் இடம் கிடைத்தது. நால்வர் தங்கிய அறையிலே ஐந்தாமவனாகப் புகுந்தான். இடம் நெருக்கம், ஆயினும் மனம் விரிந்தது. ஈற்றிலே பட்டமும் பெற்றான். ஆனால் ஓராண்டு பிந்தியே பெற்றான். அந்த ஓராண்டு என் அறிவுரைக்கு அவன் கொடுத்த விலை. அமைதியை எண்ணிய நான் தனிமையை எண்ணிலேன். அதனாலேயே இன்று எழுதுகின்றேன்.

ஆகவே முதலாண்டு மாணவர்க்கு யான் கூறுவது இது: தெரியவேண்டியது அறையன்று, துணையே. இதனை மனத்திற்கொண்டு பின்வருவனவற்றை முறையே ஆராய்க.

முதலாவது, உமது பீடம் எவ்வூரில் இருக்கின்றது என்பதைத் தெளிக. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பி இடந் தேடுவோர் உளர். 1974இல் திருநெல்வேலியிலே வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியிலே உள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் அறுபது கிலோமீற்றருக்கு மேலாகும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையிலே உள்ளதாயினும், அதன் ஒரு வளாகம் திருகோணமலையிலும் விபுலாநந்த அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலும் அமைந்துள்ளன.

இரண்டாவது, விடுதிக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க. எல்லார்க்கும் எல்லா ஆண்டும் இடங் கொடுக்கப் பல பல்கலைக்கழகங்களால் இயல்வதில்லை. பொதுவாக முதலாண்டினர்க்கும் இறுதியாண்டினர்க்கும் முன்னுரிமை உண்டு. வீட்டின் தூரமும் குடும்ப வருமானமும் நோக்கப்படும். கிராம அலுவலரின் உறுதிப்பத்திரம் முதலியவற்றைக் கடிதம் வந்த வாரத்திலேயே பெற்று வைத்தல் நன்று. கிடைத்த இடத்தை ஆராயாது கைவிடற்க. விட்டது மீண்டும் கிடைத்தல் அரிது.

மூன்றாவது, விடுதி கிடையாதவிடத்துத் தனியே அறை எடுக்கற்க. ஒரே பீடத்தைச் சேர்ந்த இருவர் மூவராய்ச் சேர்ந்து வளாகத்துக்கு அண்மையில் எடுக்க. தொலைவிலே வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் போக்குவரவிலே நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் கழியுமாயின், வாரத்தில் ஐந்து நாளுக்கு ஏழரை மணித்தியாலம். பதினைந்து வாரங் கொண்ட அரையாண்டிலே நூற்றுப் பன்னிரண்டரை மணித்தியாலம். பேருந்துக் கட்டணத்தோடு இந்நேரத்தையுங் கணக்கிலே சேர்த்துப் பார்க்க.

நான்காவது, அறையைப் பகலில் மட்டும் பாராது இரவிலும் சென்று பார்க்க. தெருவிளக்கு உண்டா, இருட்டியபின் நடந்து வரலாமா, காலையிலே தண்ணீர் வருமா, இரவு நெடுநேரம் விளக்கெரித்துப் படிக்க வீட்டார் இணங்குவரா, விடுமுறை மாதங்களுக்கும் வாடகை உண்டா என்பனவற்றை முன்னரே கேட்க. மகளை அனுப்பும் பெற்றோர் இவற்றை இருமடங்கு ஆராய்தல் வேண்டும். இப்போது அங்கே தங்கியிருக்கும் மாணவரிடம் கேட்டால், வீட்டுக்காரர் கூறாததும் விளங்கும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறத் தவறற்க. சைவ உணவினர், அவ்வுணவு கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். பட்டினியிருந்து படித்தல் எவர்க்கும் இயலாது.

பகிடிவதை பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்று யான் கூறேன். அதனால் உயிரிழந்தோரும் உடல் ஊனமுற்றோரும் கல்வியைக் கைவிட்டோரும் நம் நாட்டில் உளர். ஆனால் தனியறை அதற்குக் கவசமாகாது. பாதையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அது நிகழக்கூடும். சட்டத்தை அறிந்திருத்தலும் நண்பர் உடனிருத்தலுமே கவசமாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. அதன்படி குற்றவாளிக்கு இரண்டாண்டு வரையிலும், பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேர்ந்தவிடத்துப் பத்தாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். துன்பம் நேர்ந்தால் விடுதிக் காப்பாளரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் அன்றே அறிவிக்க. வீட்டாருக்கும் மறைக்கற்க. இன்று பகிடிவதைக்கு உட்படுவோர் நாளை அதனைச் செய்யாது விடுவாராயின் இவ்வழக்கம் தானே ஒழியும். நம் கல்லூரி மாணவர் எவரும் அதனைச் செய்தார் என்னுஞ் சொல் வாராதிருப்பதாக.

நிறைவாக, இம்மலரை வெளியிடும் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பல்கலைக்கழகங்கள் உள்ள நகரங்களிலே நம் பழைய மாணவர் பலர் வாழ்கின்றனர். ஒவ்வொரு நகரிலும் ஒருவர் முன்வந்து, புதிதாய் வரும் மாணவனைப் புகையிரத நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ சந்தித்து, நம்பத்தக்க இரண்டொரு வீடுகளைக் காட்டி, முதல் மாதத்தில் ஒருமுறையேனும் அவன் அறைக்குச் சென்று நலம் விசாரிப்பாராயின் அதுவே பேருதவியாகும். பெருநிதி வேண்டியதில்லை, பெயர்களும் தொலைபேசி எண்களும் கொண்ட ஒரு பட்டியல் போதும். அடுத்த அனுமதிக் கடிதங்கள் வருமுன்னர் அப்பட்டியல் கல்லூரி அலுவலகத்தில் இருக்குமாயின், தங்குமிடம் பற்றி என்னிடம் வரும் மாணவர்க்கு என் சொல்லை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டிய நிலை எனக்கு இராது.